டை அண்ட் டை சாயத்தை முன்கூட்டியே கலந்து வைக்கலாமா? மே மாத வெயிலில் கெடாமல் இருக்குமா?

கேட்டவர்: ராயபுரம் மாடிவீடு

எல்லோருக்கும் வணக்கம். ராயபுரத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். மே மாத லீவில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மொட்டை மாடியில் வைத்து டை அண்ட் டை, அதாவது துணியைக் கட்டிச் சாயம் போடுவதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று இருக்கிறேன். இருபது பிள்ளைகள் வரை வருவார்கள். ஆளுக்கு ஒரு வெள்ளை டி-ஷர்ட். எம்.சி. ரோட்டில் மொத்தமாக வாங்கியாகிவிட்டது. நூறு சதவீதம் காட்டன் என்று லேபிளில் போட்டிருக்கிறது. சாயப்பொடி பாரிமுனைப் பக்கம் ஒரு கெமிக்கல் கடையில் எடுத்தேன். மஞ்சள், ரோஸ், மயில் நீலம், கறுப்பு. பாக்கெட் மேல் 'ரியாக்டிவ், கோல்டு (Cold) பிராண்டு' என்று எழுதியிருக்கிறது. கூடவே சாயம் பிடிப்பதற்கான காரப் பொடி, சோடா ஆஷும் ஒரு கிலோ வாங்கிக்கொண்டேன்.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகு பொடியைக் கரைத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் முந்தின வாரமே கலந்து பாட்டிலில் ஊற்றி வைத்துவிடலாமா? சாயம், சோடா எல்லாவற்றையும் ஒன்றாகவே கலந்துவிட்டால் வேலை சுலபம் என்று கடையில் சொன்னார்கள். என் தோழி அப்படிச் செய்தால் சாயம் கெட்டுவிடும் என்கிறாள். வீட்டில் இருப்பது ஒரே ஃபிரிட்ஜ், மூன்று வயதில் ஒரு மகள் வேறு. தண்ணீர் காலையில் மெட்ரோ வாட்டர், மற்ற நேரமெல்லாம் போர் தண்ணீர், அது நல்ல உப்பு. மிச்சமாகும் சாயத்தை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பெரம்பூர் கைவேலை:

சோடாவெல்லாம் எதற்கு? சாயத்தில் முக்கி எடுத்த பிறகு உப்புத் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு அலசினால் போதும், சாயம் நின்றுவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.


காலடிப்பேட்டை சாயவேலை:

பெரம்பூர் சிஸ்டர், வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் சாயத்துக்கு உதவும். காட்டனில் ரியாக்டிவ் சாயத்துக்கு அது வேண்டவே வேண்டாம். இந்தச் சாயம் பிடிப்பதற்குக் காரத் தன்மை வேண்டும், வினிகர் அமிலம். சாயம் பிடித்து முடிவதற்குள் வினிகரை ஊற்றினால் பிடிக்கிற சாயமும் பாதியில் நின்றுவிடும். உப்பு, வாளி நிறையத் தண்ணீரில் ஒரே நிறத்தில் முக்குகிற வேலைக்கு நல்லது. நிறைய தண்ணீரில் இருக்கும் சாயத்தை அது துணிப் பக்கம் தள்ளும். பாட்டிலில் வைத்துப் பீய்ச்சுகிற வேலைக்கு அது தேவையில்லை.

இனி ராயபுரம் சிஸ்டருக்கு. நான் வீட்டிலேயே நைட்டித் துணி, துப்பட்டா, குழந்தை உடுப்பு எல்லாம் கட்டிச் சாயம் போட்டு வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். இதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் தோழி சொன்னதுதான் சரி. சாயமும் சோடாவும் துணிக்குள் போய்த்தான் சந்திக்க வேண்டும். பாட்டிலில் சந்திக்கவே கூடாது. இந்தச் சாயம் பருத்தி நூலோடு ஒட்டிக்கொண்டு அதிலேயே ஒன்றாகிவிடும் ஜாதி. சோடா பட்டதும் அந்த வேலை ஆரம்பித்துவிடும். பக்கத்தில் பருத்தி இல்லையென்றால் தண்ணீரோடேயே சேர்ந்துகொள்ளும். தண்ணீரோடு சேர்ந்த சாயம் திரும்பத் துணிக்கு வராது. சோடா போட்ட பாட்டில் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும், நம் ஊர் வெயிலில் அதுவும் குறையும். அடுத்த நாளைக்கு வைத்தால் துணியில் பாதி நிறம்கூட நிற்காது.

இதில் பெரிய வேதனை, கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாது. பாட்டிலில் நிறம் கொஞ்சமும் மாறாமல் அப்படியே இருக்கும். துணியில் ஊற்றினால் அழகாகப் பரவும். மறுநாள் அலசும்போதுதான் நிறமெல்லாம் சாக்கடைக்குப் போய்த் துணி வெளுத்து நிற்கும். பிள்ளைகள் ஆசையாகச் செய்த டி-ஷர்ட்டில் அப்படி ஆகக் கூடாது. பழைய கரைசல் எது கையில் இருந்தாலும் ஒரு துண்டு வெள்ளைத் துணியைச் சோடாத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அதில் நாலு சொட்டு விட்டு, பிளாஸ்டிக் கவரில் ராத்திரி முழுக்க மூடி வைத்துக் காலையில் சோப்புப் போட்டு அலசிப் பாருங்கள். அந்தத் துண்டு சொல்வதை மட்டும் நம்புங்கள், பாட்டிலை நம்பாதீர்கள்.

அதனால் மூன்றாகப் பிரித்து வையுங்கள். பொடி பொடியாகவே இருக்கட்டும். சோடாத் தண்ணீர் தனி வாளியில். யூரியாத் தண்ணீர் தனி கேனில், யூரியா எதற்கு என்று கீழே சொல்கிறேன். முதல் நாள் சாயங்காலம் யூரியாத் தண்ணீரில் பொடியைக் கரைத்துப் பாட்டிலில் ஊற்றினால் போதும். சோடா சேராத கரைசல் ஒரு ராத்திரியில் ஒன்றும் ஆகாது. வெளியில் வைத்தாலும் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம், சில நிறங்கள் இரண்டு வாரம்கூட நிற்கும். ஆனால் உங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, பாலும் தயிரும் இருக்கிற ஃபிரிட்ஜில் சாயப் பாட்டிலை வைக்காதீர்கள். ஜூஸ் பாட்டில் மாதிரியே இருக்கும், எடுத்துக் குடித்துவிடும். முந்தின வாரமே கலந்தாக வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை, முதல் நாள் சாயங்காலம் தாராளமாகப் போதும்.

அளவு சொல்கிறேன். சின்னப் பிள்ளை டி-ஷர்ட்டுக்கு எல்லா நிறமும் சேர்த்து 100 முதல் 150 மில்லி ஆகும். இருபது டி-ஷர்ட்டுக்கு மூன்று லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் ஒரு லிட்டர், ரோஸும் நீலமும் முக்கால் முக்கால், கறுப்பு அரை லிட்டர். மஞ்சள்தான் எப்போதும் முதலில் தீரும். லிட்டருக்கு 60 கிராம் யூரியா. சாயப்பொடி லிட்டருக்கு 20 முதல் 25 கிராம். கறுப்புக்கு மட்டும் அதைப்போல் இரண்டு மடங்கு போடாவிட்டால் சாம்பல் நிறமாகத்தான் வரும். தராசு இல்லையென்றால் கால் லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் சாயம், ஒரு டேபிள்ஸ்பூன் யூரியா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யூரியா எதற்கென்றால், சாயம் நன்றாகக் கரையும், துணி ராத்திரி முழுக்கக் காயாமல் ஈரமாக இருக்கும். ஈரம் இருக்கும்வரைதான் சாயம் பிடிக்கும். உரக்கடை யூரியாவை வாங்காதீர்கள். 2015-லிருந்து வயலுக்குப் போகிற யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. நாற்றமும் அடிக்கும், எண்ணெயும் மிதக்கும். சாயம் வாங்கிய கெமிக்கல் கடையிலேயே வெறும் யூரியா கேளுங்கள். இன்னொன்று, யூரியாவைக் கொதிக்கிற தண்ணீரில் போடக் கூடாது, அம்மோனியா வாடை கிளம்பும். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் வேண்டாம்.

கரைக்கிற விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. பொடியைத் தண்ணீரில் கொட்டினால் மேலே திரண்டு மிதக்கும். கிண்ணத்தில் பொடியைப் போட்டு இரண்டு ஸ்பூன் யூரியாத் தண்ணீர் மட்டும் விட்டு, ஸ்பூன் முதுகால் ஓரமாக அழுத்தி அழுத்திக் குழையுங்கள். கட்டி இல்லாமல் மை போல் ஆன பிறகு மீதித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ரோஸ் மட்டும் அவ்வளவு சுலபத்தில் கரையாது. முழுக்கக் கரைந்த மாதிரி இருக்கும், ஆனால் ஒரு சொட்டை டிஷ்யூ பேப்பரில் விட்டால் நடுவில் குங்குமம் சிந்தியது போல் புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் மஞ்சள் டி-ஷர்ட்டில் போய் ஒரு சிவப்புப் பொட்டாக உட்கார்ந்துவிடும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மெல்லிய பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றுங்கள்.

பொடியோடு இருக்கும்போது முகத்தில் என்95 மாஸ்க், கையில் ரப்பர் கிளவுஸ், ஃபேன் ஆஃப். மாடியில் கடல் காற்று அடிக்கும், அங்கே பொடியைத் திறக்கவே கூடாது. கதவைச் சாத்திய அறையில் ஈரமான நியூஸ்பேப்பரை விரித்து அதன் மேல் வைத்துக் கலக்குங்கள், சிந்துகிற தூள் பேப்பரிலேயே ஒட்டிக்கொள்ளும். உங்கள் மகள் அந்த அறைக்குள் வரவேண்டாம். இந்தத் தூள் மூச்சில் போய்ப் போய் ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் துளி பட்டாலே இழுப்பு வந்துவிடும். சாய வேலை செய்கிறவர்களுக்கு வருகிற தொல்லை இது. பிள்ளைகள் கையில் பொடி போகவே கூடாது, கரைத்த தண்ணீர் மட்டும்தான். சமையல் பாத்திரம், ஸ்பூன் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். எடுத்தால் திரும்பச் சமையலுக்கு வேண்டாம்.


வியாசர்பாடி வேதியியல் ஆசிரியர்:

மேலே அந்த அம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பள்ளியில் பாடமாகச் சொல்வதை அவர் கைப்பழக்கத்தில் சொல்லியிருக்கிறார். இந்த வகைச் சாயம் 1956-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் புரோசியான் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு பருத்திக்குக் குளிர்ந்த தண்ணீரில் இவ்வளவு கெட்டியாகவும் பளிச்சென்றும் நிறம் ஏற்றுவது பெரிய பாடு. கோல்டு பிராண்டு என்பது சாதாரண அறைச் சூட்டிலேயே வினைபுரியும் வகை. அந்த வேகம்தான் அதன் பலமும், சேமிப்பில் அதன் பலவீனமும். ஹாட் பிராண்டு என்று எழுதியிருந்தால் அது நிதானமானது, கெடாமல் இருக்கும், ஆனால் பிடிக்க நல்ல சூடு வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி நடத்த முடியாது. வாங்கும்போது பாக்கெட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சோடா பற்றி ஒன்று சேர்க்கிறேன். சோடா ஆஷ் வேறு, ஆப்பச் சோடா வேறு. ஆப்பச் சோடாவின் காரம் இந்த முறைக்குப் போதாது. மளிகைக் கடையில் பளபளவென்று கட்டியாகக் கிடைக்கும் சலவைச் சோடா அதே பொருள்தான், ஆனால் அதற்குள் தண்ணீர் அடைந்திருக்கும். 106 கிராம் சோடா ஆஷ் செய்கிற வேலைக்கு அது 286 கிராம் வேண்டும். எனவே மாற்றிப் போட்டால் எடையை ஏறக்குறைய 2.7 மடங்கு ஆக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் போர் தண்ணீரைத் தவிருங்கள். கடலோரம் முழுக்க நிலத்தடியில் உப்பு ஏறியிருக்கிறது, மீஞ்சூர் பக்கமெல்லாம் இது பழைய பிரச்சினை. உங்கள் தண்ணீரில் உள்ள சோடிய உப்பு பெரிய தொல்லை இல்லை. கூடவே இருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான் சோடாவோடு சேர்ந்து வெள்ளையாகத் திரியும், சாயத்தையும் கெடுத்துத் திட்டுத் திட்டாக்கும். காலையில் வரும் மெட்ரோ வாட்டரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சாயம் கரைக்கும் மூன்று லிட்டருக்கு ஆர்.ஓ. தண்ணீர் எடுத்தால் இன்னும் நல்லது. ஆனால் ஆர்.ஓ. கழித்து வெளியே விடும் தண்ணீரை வாளியில் பிடித்து இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அதில் கால்சியம் இன்னும் கூடுதலாகத் திரண்டிருக்கும். வேறு வழியே இல்லை என்றால் கெமிக்கல் கடையில் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கேளுங்கள், கால்கன் என்றாலும் புரியும். லிட்டருக்கு ஒரு சிட்டிகை, சாயம் போடுவதற்கு முன்னால்.


ராயபுரம் மாடிவீடு:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, சோடாத் தண்ணீரைப் பிள்ளைகள் தொடலாமா? அதை எவ்வளவு நாள் முன்னால் கலந்து வைக்கலாம்? முதல் நாள் சாயங்காலம் கலந்த பாட்டில்களை ஃபிரிட்ஜ் இல்லாமல் எங்கே வைப்பது? மிச்சப் பொடியை அடுத்த லீவு வரை வைத்திருந்தால் வேலை செய்யுமா?


காலடிப்பேட்டை சாயவேலை:

சோடாத் தண்ணீர் கெடவே கெடாது, ஒரு மாதம் முன்னால் கலந்து மூடி வைத்தாலும் அப்படியே இருக்கும். லிட்டருக்கு 50 கிராம். பத்து லிட்டர் வாளிக்கு அரைக் கிலோ, நீங்கள் வாங்கியது தாராளமாகப் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் தூவித் தூவிக் கலக்குங்கள், ஒரே கொட்டாகக் கொட்டினால் அடியில் கல்லாக உறைந்துவிடும். பிளாஸ்டிக் வாளி அல்லது எவர்சில்வர். அலுமினியத்தில் வேண்டாம், சோடா அரித்துவிடும்.

பிள்ளைகள் வெறும் கையால் அதைத் தொடக் கூடாது. வழவழவென்று இருக்கும், தோல் எரியும், கண்ணில் பட்டால் பொறுக்க முடியாது. நான் சொல்கிற வரிசையில் செய்யுங்கள். புது டி-ஷர்ட்டில் கஞ்சியும் எண்ணெய்ப் பூச்சும் இருக்கும், முதலிலேயே சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு அலசிவிடுங்கள். சாப்ட்னர் போடாதீர்கள். பிள்ளைகள் வந்ததும் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த டி-ஷர்ட்டைக் கொடுத்து மடிக்கவும் முறுக்கவும் ரப்பர் பேண்ட் போடவும் விடுங்கள். பொட்டுக்கடலை, சின்னக் கூழாங்கல் வைத்து நூலால் முடிபோடச் சொல்லிக்கொடுங்கள், மதுரைச் சுங்குடியில் புள்ளி வருவதும் இப்படிக் கட்டுகிற முடியால்தான் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஆர்வம் கூடும். கட்டி முடித்த மூட்டைகளை நீங்கள் வாங்கி, கிளவுஸ் போட்டுக்கொண்டு சோடா வாளியில் அரை மணி நேரம் முக்குங்கள். கட்டின பிறகு ஊறுவதால் உள்மடிப்பு வரை இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். அதற்குள் பிள்ளைகளுக்கு ரஸ்னாவோ மோரோ கொடுத்துவிடுங்கள், சாயப் பாட்டில் வெளியே வந்த பிறகு தின்பண்டம் கூடாது. அப்புறம் மூட்டைகளைச் சொட்டாமல் இறுக்கிப் பிழிந்து கொடுங்கள். பிழிந்தது போதவில்லை என்றால் நிறங்கள் ஒன்றோடொன்று ஓடிக் கலந்துவிடும். மூட்டையில் சோடா இருக்கிறது என்பதால் பிள்ளைகளுக்கும் கிளவுஸ் கட்டாயம்.

பாட்டில்கள் ராத்திரிக்கு எங்கே என்று கேட்டீர்கள். பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீரில் கழுத்து வரை மூழ்கும்படி நிறுத்தி வையுங்கள். மண்தொட்டி இருந்தால் இன்னும் குளிர்ச்சி. கதவை வெளியில் தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள், மகள் இருக்கிறாள். விளிம்பு வரை ஊற்றாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். மாடிக்குக் கொண்டுபோனதும் நிழலில்தான் இருக்க வேண்டும். வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கிற காற்று சூடாகிச் சாயத்தைப் பாட்டில் மூக்கு வழியே வெளியே தள்ளும், யார் மேலாவது பீய்ச்சும். ஒவ்வொரு பாட்டிலிலும் நிறம், தேதி எழுதி ஒட்டுங்கள். கரைத்த பிறகு ரோஸும் கறுப்பும் பாட்டிலில் ஒரே இருட்டாகத்தான் தெரியும்.

மிச்சப் பொடி ஈரம் படாமல் இருந்தால் ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட நன்றாக இருக்கும். நம் பக்கம் கடல் காற்றில் உப்பு ஜாடியே கசிகிறது, பொடி பிளாஸ்டிக் கவரில் இருந்தால் ஒரு மழைக்காலத்தில் கட்டிபட்டுவிடும். நான் ஒவ்வொரு நிறத்தையும் இறுக்கமான மூடி போட்ட தனித்தனி டப்பாவில் வைத்து, புதுச் செருப்பு டப்பாவில் வருமே அந்தச் சிலிக்கா பாக்கெட்டை உள்ளே போட்டு, எல்லா டப்பாவையும் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துப் பூட்டுகிறேன். ஈர ஸ்பூனை டப்பாவுக்குள் விடவே மாட்டேன். சோடா ஆஷையும் இப்படியே மூடி வையுங்கள், திறந்து கிடந்தால் காற்றின் ஈரத்தைக் குடித்து இறுகி, வீரியமும் குறைந்துபோகும்.

சாயம் போட்ட டி-ஷர்ட்டைக் கட்டை அவிழ்க்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்க மூடிப் பிள்ளைகளிடமே கொடுத்தனுப்புங்கள். மே மாதச் சூடு இந்த வேலைக்கு வரம், மறுநாள் காலைக்குள் அருமையாகப் பிடித்துவிடும். மயில் நீலம் மட்டும் மெதுவாகப் பிடிக்கும் நிறம், அது நிறைய இருந்தால் மறுநாள் சாயங்காலம் வரை விடச் சொல்லுங்கள். அம்மாக்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள்: முதலில் கட்டோடு பச்சைத் தண்ணீரில் அலசி, அப்புறம் அவிழ்த்து அலசி, கடைசியாக நல்ல சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு, வேறு துணியோடு சேர்க்காமல் துவைக்க வேண்டும். சுடுதண்ணீர் படாவிட்டால் ஒட்டாத சாயம் உள்ளேயே இருந்து அடுத்த துவைப்பில் பள்ளிச் சட்டையில் ஏறும். தையல் நூல் மட்டும் வெள்ளையாகவே நிற்கும், அது பாலியஸ்டர், அதில் இந்தச் சாயம் ஏறாது.

மிஞ்சின கரைசலை எடுத்து வைக்காதீர்கள். பழைய காட்டன் தலையணை உறை, கிழிந்த வேட்டி, கைக்குட்டை நாலைச் சோடா வாளியில் போட்டுத் தயாராக வைத்திருந்தால் கடைசியில் எல்லாப் பாட்டிலையும் அதில் காலி செய்துவிடலாம். அதற்கும் மேல் இருந்தால் நிறைய தண்ணீர் விட்டுப் பாத்ரூம் வழியாகக் கழிவுநீர்க் குழாய்க்கு விடுங்கள். மாடிக் குழாய் வழியாகத் தெருவில் இருக்கிற மழைநீர் வடிகாலுக்கு விடாதீர்கள். அது சுத்திகரிப்புக்குப் போகாமல் நேரே கால்வாய்க்கும் கடலுக்கும் போய்ச் சேருகிற வழி. காசிமேட்டில் வலை போடுகிறவர்கள் நம் அக்கம்பக்கத்து ஆட்கள்தானே.

நிறம் சேர்க்கும்போது மஞ்சளுக்குப் பக்கத்தில் ரோஸ் வந்தால் ஆரஞ்சு, நீலம் வந்தால் பச்சை, மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தால் சேற்று நிறம். கறுப்புப் பாட்டிலை முதலிலேயே வெளியே எடுக்காதீர்கள். எல்லாப் பிள்ளைகளும் மற்ற மூன்றையும் போட்டு முடித்த பிறகு, நீங்களே பக்கத்தில் இருந்து ஆளுக்கு நாலு கோடு போட மட்டும் கொடுங்கள்.